பதினோரு பேருக்குச் சொந்தமான சைக்கிள்

— பதினோரு பேர்! ஒரே ஒரு சைக்கிளுக்குப் பதினோரு சொந்தக்காரங்க! காலையில பத்து மணிக்குத்தானே வெப்சைட்டைத் திறந்துவிட்டே? இப்ப மணி ரெண்டு.

— நல்லதுதானே அண்ணி! முதல் நாளே இவ்வளவு பேர் வந்து பாக்கறாங்கன்னா...

— என்ன நல்லது? பதினோரு பேரும் நீல டேப்பைச் சொல்றாங்கம்மா!

— எந்த நீல டேப்?

— வலது கைப்பிடியில சுத்தியிருக்கே, அது. நான் மூச்சு விடாம வெச்சிருந்த அடையாளம். இந்த பஸ் நிலையத்துல, இந்தத் தொலைஞ்ச பொருள் அறையில இருபத்திரண்டு வருஷமா உக்காந்திருக்கேன். என் சர்வீஸ்ல ஒரு குடையைக்கூட ஆள் மாத்திக் குடுத்ததில்ல. எப்படி? எந்தப் பொருள் வந்தாலும் ஒரு அடையாளத்தை எனக்குள்ளயே வெச்சுக்குவேன். கேக்க வர்றவங்க அதைச் சொன்னாத்தான் பொருள் கைமாறும். என் வித்தையே அவ்வளவுதான்.

— தெரியும் அண்ணி. அதுக்குத்தானே படத்தை வெட்டச் சொன்னீங்க? வெட்டிட்டேனே. இங்க பாருங்க, கேலரியில சைக்கிளோட நடுப்பகுதி மட்டும்தான் இருக்கு. சீட்டு, பெடல், மடக்கற இடம். கைப்பிடியே கிடையாது.

— அப்புறம் எப்படிடீ அவங்களுக்குத் தெரிஞ்சுது?

— ஒரே ஒரு நிமிஷம். நீங்க அந்தப் படத்தைத் தொட்டுப் பாத்தீங்களா?

— எதுக்குத் தொடணும்? தொடாமலே நல்லாத்தானே தெரியுது.

— அய்யய்யோ.

— என்ன அய்யய்யோ?

— ஒண்ணுமில்ல.

— உன் ஒண்ணுமில்லையை எல்லாம் உங்க வீட்டுக்கு வாழ வந்த நாள்லேர்ந்து பாக்கறவ நான். சொல்லு.

— கேலரியில தெரியறது தம்ப்நெயில் அண்ணி. சின்னப் படம். நாம ஏத்தற பெரிய படத்துல இருந்து, நடுவுல ஒரு சதுரத்தை சர்வரே வெட்டி எடுத்துக்கும். வெட்டினது அந்தச் சின்னதைத்தான். பெரிசு அப்படியே முழுசா பின்னாடி இருக்கும். சின்னதைத் தொட்டா...

— பெரிசு திறக்கும்.

— திறக்கும். ரெண்டு விரலை வெச்சு விரிச்சா டேப்புல இருக்கற சுருக்கம்கூடத் தெரியும். நான்தான் பெருமையா ஜூம் எல்லாம் வெச்சேன்.

— நல்லாப் பூட்டிட்டு, சாவியைப் பூட்டுலயே விட்டுட்டு வந்திருக்கே.

— எல்லாரும் அதைத்தான் அண்ணி கேப்பாங்க! துணிக்கடைக்காரரு, வீடு விக்கறவரு, பல் டாக்டரு, எல்லாருக்கும் தொட்டாப் பெரிசாத் தெரியணும். படம் ஒழுங்காத் தெரியக் கூடாதுன்னு கேட்ட முதல் ஆளே நீங்கதான். கைப் பழக்கத்துல வெச்சுட்டேன். தப்பு என்னோடதுதான்.

— சரி விடு, அழுது வடியாத. மத்ததெல்லாமும் இப்படித்தானா?

— நூத்தி அறுபது படமும். குடை, பை, ஒத்தைச் செருப்பு, அந்தப் பல் செட்டு உள்பட.

— பல் செட்டைக் கேட்டு யாரும் எழுதலையே?

— அதுக்கெல்லாம் யாரு அண்ணி பொய் சொல்லுவாங்க?

— சிரிக்காத! நாலு மணிக்கு மேலாளர் வர்றாரு. வெப்சைட் மூலமா முதல் பொருளைச் சொந்தக்காரர் கையில குடுக்கற மாதிரி போட்டோ எடுக்கணுமாம். சைக்கிளைத்தான் குடுக்கணுமாம். குடைன்னா போட்டோவுல எடுப்பா இருக்காதாம்.

— ஆள் மாறிப் போச்சுன்னா?

— போட்டோவுல ஒருத்தன் பல்லைக் காட்டிட்டு சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போவான். மறுநாள் உண்மையான ஆள் வந்து இந்த ஜன்னல்ல நிப்பான். நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவனைப் பாப்பேன்? இருபத்திரண்டு வருஷமும் ஒரு சைக்கிள்ல ஏறிப் போயிடும்.

— கலங்காதீங்க அண்ணி. முதல்ல ஓட்டையை அடைக்கறேன். சிம்பிள் வேலை, பத்து நிமிஷம். ம்... உங்க போன் அடிக்குது. அண்ணன்தான். எடுக்கட்டுமா?

— எடுக்காத. காலையில இருந்து இது நாலாவது தடவை. வெப்சைட் ஓடுதா, யாரெல்லாம் வந்தாங்க, என்னென்ன கேட்டாங்கன்னு. என் வேலையில உங்க அண்ணனுக்குத் திடீர்னு என்ன அக்கறையோ.

— தங்கச்சி செஞ்ச வெப்சைட் ஆச்சே, பெருமையா இருக்காதா?

— இருக்கும் இருக்கும். நீ அடை.

— மேடம்... மேடம்! உள்ள யாராவது இருக்கீங்களா? என் சைக்கிள் இங்கதான் இருக்குதாமே?

— வாங்க சார். எந்த சைக்கிள்?

— மடக்கு சைக்கிள் மேடம். பச்சைக் கலர். வலது கைப்பிடியில நீல டேப், மூணு சுத்து. ஆன்லைன்ல எழுதிப் போட்டேன், மனசு கேக்கல, நேர்லயே வந்துட்டேன்.

— நல்லதாப் போச்சு சார். எந்த பஸ்ல விட்டீங்க?

— காலையில வர்ற பஸ்.

— காலையில எல்லா பஸ்ஸும்தானே சார் வருது.

— ஒரே கூட்டம் மேடம், நம்பரைக் கவனிக்கல.

— பரவாயில்ல. அந்தா மூலையில நிக்குது பாருங்க. அதைக் கொஞ்சம் மடக்கிக் காட்டுங்க.

— மடக்கறதா?

— மடக்கித்தானே சார் பஸ்ல ஏத்தியிருப்பீங்க?

— ஆமா ஆமா. இது... இந்த லிவரை இப்படி... ஒரு அழுத்து அழுத்தினா... இது எப்பவுமே கொஞ்சம் மக்கர் பண்ணும் மேடம்.

— சார், நீங்க அழுத்தறது பெல்லு.

— ஓ. சத்தம் வருதேன்னு பாத்தேன்.

— லிவர் கீழ இருக்கு.

— உண்மையைச் சொல்லிடறேன் மேடம். எப்பவும் என் மச்சான்தான் மடக்குவான்.

— அப்ப மச்சானைக் கூட்டிக்கிட்டு வாங்க.

— அவன் வெளியூர்ல இருக்கான்... நான் அப்புறமா வர்றேன் மேடம்.

— வாங்க சார். படி இருக்கு, பாத்துப் போங்க.

— அண்ணி! கலக்கிட்டீங்க! எல்லாரையும் வரச் சொல்லி மடக்கச் சொல்லிடுவோம்.

— இங்க பாரும்மா, மடக்கத் தெரியாதவன் சொந்தக்காரன் இல்லைன்னு வேணா சொல்லலாம். மடக்கத் தெரிஞ்சவனெல்லாம் சொந்தக்காரன் ஆயிடுவானா? நான்கூட கண்ணை மூடிக்கிட்டு மடக்குவேன். மீதி பத்துப் பேருல நாலு பேராவது மடக்கிடுவாங்க. நாலு பேருக்குப் பிச்சுக் குடுக்கவா முடியும்?

— சரி, ஓட்டையை அடைச்சாச்சு. பெரிய படங்களை எல்லாம் தனி ஃபோல்டருக்கு மாத்திட்டேன். இனிமே வெளியாளுங்க தொட்டா ஒண்ணும் திறக்காது. நீங்களோ நானோ லாகின் பண்ணினா மட்டும்தான் பெரிசு தெரியும்.

— அடைச்சது நல்லது. சைக்கிளுக்கு என்ன வழி?

— யோசிங்க அண்ணி. படத்துல தெரியாத ஏதாவது ஒண்ணு. கூடவே வெச்சிருந்தவங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி.

— ம்... இருக்கு. ஆனா நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது.

— சொல்லல.

— நேத்து சாயங்காலம் எல்லாரும் போனதும், நான் அதை வெளிய எடுத்துப் பிளாட்பாரத்துல ஒரு ரவுண்டு போனேன்.

— அண்ணி!

— என்ன பண்றது? தினமும் சைக்கிள்ல வேலைக்கு வர்றவ. மூணு நாளா கண்ணு முன்னாடி பளபளன்னு நிக்குது, கை சும்மா இருக்குமா? திரும்பறப்ப இடது பிரேக்கைப் பிடிச்சேன். பிடிக்கவே இல்ல. தூணுல போய் அப்பியிருப்பேன், நூல் இழையில தப்பிச்சேன்.

— இதான் அண்ணி அடையாளம்! இது எந்தப் படத்துலயும் தெரியாது! பதினோரு பேருல யாராவது பிரேக்கைப் பத்தி எழுதியிருக்காங்களா?

— எல்லாத்தையும் மனப்பாடமே பண்ணிட்டேன். ஒருத்தரும் இல்ல. "குழந்தை மாதிரி பாத்துக்கிட்டேன், ஒரு குறை கிடையாது"ன்னு எழுதியிருக்கான் ஒருத்தன்.

— ஒரே ஒரு நிமிஷம். பன்னெண்டாவது ஒண்ணு வந்திருக்கு.

— இவருக்கும் நீல டேப்பா?

— டேப்பே இல்ல. படிக்கறேன் கேளுங்க. "ஐயா, வணக்கம். பச்சை சைக்கிளை யாரிடம் கொடுத்தாலும் ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். அதன் இடது பிரேக் பிடிக்காது. நான் நான்கு முறை விழுந்துவிட்டேன். வேறு யாரும் விழ வேண்டாம்."

— அடடா. இவர்தாம்மா! இவரேதான்! மேல படி.

— "மனைவிக்குத் தெரியாமல் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கியது. அவளோடு ஒரு நாளாவது சேர்ந்து ஓட்டிப் போக ஆசை. நேரில் வந்து கேட்க வழியில்லை. காரணம் கேட்க வேண்டாம்." அவ்வளவுதான்.

— பாத்தியா. பதினோரு பேரு எனக்கு எனக்குன்னு அடிச்சுக்கறாங்க. இவர் ஒருத்தர் மட்டும் கேக்கவே இல்ல, அடுத்தவன் விழக் கூடாதுங்கறாரு. என்ன மனுஷன்! இவரை ஒரு தடவையாவது நேர்ல பாக்கணும் எனக்கு.

— எனக்கும்தான் அண்ணி.

— யாரு பெத்த பொண்ணோ, குடுத்து வெச்சவ. எனக்கும் வாய்ச்சிருக்காரே உங்க அண்ணன். சைக்கிள்ல காத்து எந்தப் பக்கம் அடிக்கணும்னு கேப்பாரு.

— சும்மா அவரை இழுக்காதீங்க, பாவம்.

— சரி, இந்த நல்ல மனுஷனோட பேரு என்ன? நம்பர் இருக்கா? நாலு மணிக்குள்ள பிடிச்சாகணும்.

— பேரும் போடல, நம்பரும் போடல.

— போச்சு!

— போகல. படம் இருக்கும். பொருளோட பழைய படம் ஒண்ணு ஏத்தாம அனுப்பவே முடியாத மாதிரி வெச்சிருக்கேன். அந்தப் பதினோரு பேரும் ஏதோ ஒரு பச்சை சைக்கிள் படத்தை ஏத்தி ஏமாத்திட்டாங்க. இதோ வந்திருக்கு.

— இதுல சைக்கிள் மட்டும்தானே தெரியுது. ஓரத்துல ஒரு தோள்பட்டை.

— இது சின்னப் படம் அண்ணி. அனுப்பறப்ப அவருக்கும் இதைத்தான் காட்டியிருக்கும். முகம் வெட்டுப்பட்டுப் போச்சு, கவலை இல்லைன்னு தைரியமா அனுப்பிட்டாரு. பெரிசு நமக்குத்தான் திறக்குமே.

— திற திற.

— கனமான படம், மெதுவாத்தான் இறங்கும். மேல இருந்து வருது. மரம்... மைதானம்... ஹெல்மெட். தானே கையை நீட்டி எடுத்துக்கிட்டது போல இருக்கு. இதோ, நெத்தி... கண்ணாடி...

— கொஞ்சம் நகரு. நான் பாக்கறேன்.

— அய்யோ அண்ணி.

— சத்தம் போடாத.

— அண்ணி, நீங்க சிரிக்கறீங்களா, அழறீங்களா?

— ரெண்டும்தான். அந்த போனை எடு.

— திட்டாதீங்க அண்ணி, கெஞ்சிக் கேக்கறேன்.

— நான் ஏன் திட்டப் போறேன்? குடு இங்க... ஹலோ, பஸ் நிலையம், தொலைஞ்ச பொருள் அறையில இருந்து பேசறோம் சார். உங்க சைக்கிள் பத்திரமா இருக்கு, நாலு மணிக்கு நல்ல சட்டையா ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து வாங்கிக்கங்க. உங்க தங்கச்சியும் இங்கதான் இருக்கா. காலையில வாக்கிங் போறேன்னு இனிமே பொய் சொல்ல வேண்டாம், பிரேக்கை நானே சரி பண்ணித் தர்றேன், மைதானத்துக்கு நானும் வந்து பின்னாடி பிடிச்சுக்கறேன். ஏங்க, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து தனியாத்தானே ஓட்டிக்கிட்டுப் போறேன், பக்கத்துல ஒரு சைக்கிள் கூட வந்தா எனக்கு வேண்டாம்னா இருக்கு?