எதிர்ச்சுற்று

— மூணாவது தடவ சொல்றேன் தம்பி, எனக்கு நாற்காலி வேணாம். நான் உட்கார வரல. அதோ ஸ்டாண்டுல தொங்குது பாரு செவப்பு சைக்கிளு, அதை நீயே திரும்ப எடுத்துக்க. அருணாதேவி வந்து கேட்டா, ராஜமாணிக்கம் சொல்லிட்டுப் போனாருன்னு சொல்லு.

— ஐயா, அது அருணா டீச்சரோட வண்டிங்க, ரிப்பேருக்கு விட்டிருக்காங்க. அவங்க சொல்லாம நான் எப்படி எடுத்துக்கறது? நீங்க யாருன்னே எனக்குத் தெரியலயே.

— அவ மாமனாரு. அடி அண்ணாமலையில ராஜமாணிக்கம்னு கேட்டுப் பாரு. இந்தச் செங்கம் ரோட்டுல இத்தன காபிக்கடையும் லாட்ஜும் வர்றதுக்கு முன்னாலருந்து எங்களைத் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

— டீச்சரோட மாமனாருங்களா? வணக்கங்க ஐயா. நான் அறிவுச்செல்வன், கடை என்னுதுதான். ஓட்டின வண்டிய எந்தக் கடையிலங்க திரும்ப எடுப்பாங்க? அதுவும் கார்பன் ஃபிரேமு. தூக்கிப் பாருங்க, ஒரு விரல் போதும்.

— சைக்கிளு வாங்கறது ஏறிப் போறதுக்கா, தூக்கிகினு போறதுக்கா? ஒரு புல்லட்டு விலைய வாங்கியிருக்கற. ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. பெல்லாவது குடுத்தியா?

— பெல்லு இருக்குதுங்க, சின்னதா. மத்ததெல்லாம் மாட்டினா வெயிட் ஜாஸ்தி ஆயிடும்.

— ஆனா ஆவட்டும். அப்புறம் வெளியில ஒரு பேனர் கட்டியிருக்கற. சாத்தனூர் டேமுக்குப் போனீங்களாம், அதுக்கு ஒரு படம். அதுல எங்க வீட்டு மருமக, ஊரான் பசங்க நடுவுல நின்னுகினு, ஒட்டிகினு கெடக்கற ஒரு டவுசரப் போட்டுகினு சிரிக்கறா.

— அது உள்ள பேட் வெச்ச டவுசருங்க ஐயா. அது இல்லாம டேம் வரைக்கும் போயிட்டு வந்தா அப்புறம் உட்காரவே முடியாது. வெள்ளைக்காரங்க கூட...

— வெள்ளைக்காரங்க எதைப் போட்டா எனக்கென்ன. எங்க வீட்டுல மாமனார் நடந்து வந்தா மருமக உட்கார்ந்திருக்க மாட்டா. எங்கம்மாவும் அப்படித்தான், என் வீட்டுக்காரியும் அப்படித்தான். இவளும் அதுல குறை வெச்சதில்ல, அதையும் சொல்லிடறேன். அப்படிப்பட்ட பொண்ண உன் கடை இப்படிக் கெடுத்து வெச்சிருக்குது.

— பேனர இப்பவே கழட்டிடறேங்க. அந்த ரைடு முடிஞ்சிபோச்சு, அதுக்கு இனிமே வேலையும் இல்ல. வண்டிய மட்டும் விட்டுடுங்க ஐயா. ஸ்கூல்ல வாங்கற சம்பளத்துல மாசா மாசம் தவணை கட்டிகினு வர்றாங்க.

— பேனருக்காக நான் பஸ்ஸேறி வரல. கேட்டுக்க. நேத்து டீக்கடையில, பத்து பேர் இருக்கறப்போ, தசரதன் என்னைக் கேக்கறான். அவன் எங்க பங்காளி. அண்ணே, உங்க வீட்டுப் பொண்ணு சைக்கிள்ல மலையை எதிர்ச்சுத்து சுத்துதாமேங்கறான். எதிர்ச்சுத்து எங்க சுத்துவாங்க தெரியுமா உனக்கு? சாவுக்குச் சுத்துவாங்க.

— ஐயா, நானும் இதே ஊருதான். எனக்குத் தெரியாதுங்களா.

— தெரிஞ்சுகினுதான் இதைக் கத்துக்குடுத்தியா?

— சத்தியமா இல்லீங்க. எங்க குரூப்புல சேர்றவங்களுக்கு ஹெல்மெட்டக் கூட அப்புறம்தான் சொல்லுவேன். முதல்ல இதத்தான் சொல்லுவேன். மலை எப்பவும் வலது கைப் பக்கம் இருக்கணும். பௌர்ணமிக்கு வண்டியே எடுக்கக் கூடாது. நடக்கறவங்கள பெல்லடிச்சு வெரட்டக் கூடாது. பெங்களூர்லருந்து வந்தவரு ஒருத்தரு, எதிர்ல போனா காத்து கம்மின்னாரு. அப்போ பெங்களூரையே சுத்துங்கன்னு சொல்லிட்டேன்.

— நல்லாப் பேசற. ஆனா கண்ணால பார்த்தவன்கிட்ட பேசற. காலு ஒடிஞ்சாலொழிய நான் ஒரு நாளும் கிரிவலம் விட்டதில்ல. கோழி கூவறதுக்கு முன்ன வீட்ட விட்டுக் கிளம்பி, வாயு லிங்கம், குபேர லிங்கம், பெரிய கோயிலுன்னு சுத்திகினு இந்தச் செங்கம் ரோட்டு வழியா திரும்பி வருவேன். விடிஞ்சும் விடியாம இருக்கறப்போ, நிருதி லிங்கத்துக்கிட்ட எதிர்ல ஒரு மஞ்சத் தொப்பி வருதே, அது உன் ஆளு இல்லாம யாரு, ஆஸ்ரமத்துச் சாமியாரா?

— மஞ்சள் ஹெல்மெட்டுங்களா?

— ஆமா. மூக்குக்கு மேல கருப்புக் கண்ணாடி, மூக்குக்குக் கீழ துணி. ஆனா ஒண்ணு சொல்லணும். எதிர்ல வந்தாலும் அவன் ஒருத்தன்தான் உன் கூட்டத்துலயே வளர்ப்பு சரியா இருக்கற பையன். மத்ததெல்லாம் என்னைத் தாண்டறப்போ சர்ருன்னு போவுது. இவன் என்னைப் பார்த்தா சைக்கிள விட்டு எறங்கிடுவான். லைட்டு என் கண்ணுல அடிக்கும்னு, வண்டியக் கீழ படுக்க வெச்சிட்டு ஓரமா நிப்பான். நான் தாண்டிப் போறவரைக்கும் அப்படியே நிப்பான். எதிர்ல வர்றப்போ ஒரு நாளும் ஏறி உட்கார்ந்தபடி என்னைத் தாண்டினதில்ல, அப்புறம்தான் திரும்பி வேகமாப் போவான். பெத்தவங்க அப்படி வளர்த்திருக்காங்க.

— படுக்க வெப்பாங்களா? எந்தப் பக்கமா?

— எந்தப் பக்கமா இருந்தா என்னப்பா. கீழ வெப்பான்.

— ஐயா, ஒரு டீ சொல்லட்டுமா?

— டீ வேணாம். என்ன திடீர்னு அந்தச் சைக்கிளப் போய் தடவிப் பார்க்கற?

— ஒண்ணுமில்லீங்க. இங்க வந்து பாருங்க. பின்சக்கரத்துக்கிட்ட கியரு தொங்குது, அதைத் தாங்கறதுக்கு ஒரு சின்னத் துண்டு. இது வளைஞ்சா கியரு மாறாது. இந்தக் கடையில வேற யாருக்கும் இத நான் அடிக்கடி மாத்தினது கிடையாது. டீச்சருக்கு மட்டும் மாத்தறேன், அடுத்த மாசமே வளைச்சுகினு வர்றாங்க. செயின் இருக்கற பக்கமா வண்டியக் கீழ போடாதீங்கன்னு தலையால அடிச்சுக்கறேன். சரிங்க சார்னுட்டுப் போயி, மறுபடியும் போடறாங்க.

— அவ வீட்டுல ஒரு டம்ளரைக் கூட சத்தம் வராமதான் வைப்பா.

— டீச்சர் வண்டியோட விட்டுட்டுப் போன இந்த ஷூவப் பாருங்க. அடியில கட்டியா இருக்குது பாருங்க, இது பெடல்ல மாட்டிக்கறதுக்கு. இதுல நடக்கக் கூடாது, ரோட்டுல நிக்கக் கூடாது, வழுக்கும். இவங்களுது எப்படித் தேஞ்சிருக்குது பாருங்க. ரைடுக்கு வர்றாங்களா, ரேஷன் கடையில கியூவுல நிக்கறாங்களான்னு கேட்டேன். சிரிக்கறாங்க. அதுக்கு மேல, எங்க குரூப்புல சேர்ந்ததுலருந்து மலையை ஒரு நாளும் முழு ரவுண்டு அடிச்சதில்ல. காலையில தனியாப் போயி பாதியில திரும்பிடறாங்களாம். கேட்டா கால் வலிங்கறாங்க. டேமுக்குப் போயிட்டு வர்ற காலுக்கு இதுல என்ன வலி?

— இரு. நீ என்ன சொன்ன? உன் கூட்டத்துல யாரும் எதிர்ல வர்றதில்லன்னு சொன்ன.

— ஆமாங்க.

— அப்போ எதிர்ல வர்றவன்?

— ஐயா, நான் இத்தன நேரமா அதான் சொல்ல முடியாம முழிக்கறேன். எங்க குரூப்புல மஞ்சள் ஹெல்மெட்டு ஒண்ணே ஒண்ணுதான். நான்தான் வித்தேன்.

— வேற கடையிலயும் மஞ்சத் தொப்பி விப்பாங்க.

— விப்பாங்க. இருந்தாலும் டீச்சரே வந்து நிக்கறாங்க பாருங்க வாசல்ல. நீங்களே கேட்டுக்கங்க.

— சார், வண்டி ரெடி ஆயிடுச்சா, ஸ்கூல் விட்டு நேரா... மாமா. நீங்க எங்க இங்க?

— தொப்பிய எதுக்கு முதுகுக்குப் பின்னால மறைக்கற? இப்படிக் குடு. மஞ்சள்தான்.

— மாமா, வீட்டுல பேசிக்கலாமே.

— வீட்டுல நேத்து பேசினேன். நான் மட்டும்தான் பேசினேன். நீ தலையக் குனிஞ்சுகினு கெடந்த. இப்போ நீ சொல்லு. நிருதி லிங்கத்துக்கிட்ட நிக்கறது நீயா?

— ஆமாங்க மாமா.

— வாசல்ல அந்தச் சைக்கிளு நிக்கக் கூடாதுன்னு சொன்னேன்.

— வெள்ளையம்மா அக்கா வீட்டுல நிறுத்தறேன். நீங்க கிளம்பின அப்புறம் எடுப்பேன்.

— அத்தன பேரு மலையை வலமா போவும்போது நீ மட்டும் ஏன் எதிர்ல வர்ற? ஊரு கேக்குது. சாயந்திரம் கோயிலாண்ட கூட்டம் போட்டிருக்காங்க. எங்க வீட்டுப் பொண்ணு இனிமே சைக்கிளே தொடாதுன்னு நான் கைய உயர்த்திச் சொல்லணும். இல்லன்னா ஆடி மாசம் கூழ் ஊத்தறப்போ முதல் பரிவட்டம் தசரதனுக்குப் போயிடும். எங்க தாத்தா தலையில கட்டினது, எங்கப்பா தலையில கட்டினது.

— நான் சைக்கிள விட்டுடறேன் மாமா. இன்னைக்கே விட்டுடறேன். நீங்க போய் அப்படியே சொல்லிடுங்க.

— விடறத அப்புறம் பார்க்கலாம். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு.

— பின்னாலருந்து வந்தா உங்க முதுகுதான் தெரியும். எதிர்ல வந்தாதான் முகம் தெரியும்.

— என் முகத்துல என்ன இருக்குது?

— மாசி மாசம் கல்லு தடுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிகினு வந்தீங்க. வெள்ளையம்மா அக்கா நிருதி லிங்கத்துக்கிட்ட பூ விக்கறாங்க இல்லீங்களா, அவங்கதான் உங்க முகத்துல தண்ணி தெளிச்சாங்க. கல்லும் இல்ல, ஒண்ணும் இல்லன்னாங்க. கண்ணு சொருகி அப்படியே சரிஞ்சீங்களாம்.

— அவ வாய வெச்சுகினு சும்மா இருக்க மாட்டா.

— என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்டேன், கல்லு தடுக்கினதுக்கு டாக்டரான்னு கத்தினீங்க. உங்க புள்ள துணைக்கு வரட்டுமான்னு கேட்டாரு, கைக்குழந்தையா நானுன்னு சொல்லி அவரையும் வெரட்டினீங்க. வேற என்னங்க மாமா பண்றது? முகம் வெளுத்திருந்தா, வேர்த்திருந்தா எனக்குத் தெரிஞ்சிடும். சரியா இருந்தா திரும்பிடுவேன்.

— திரும்பறப்போ ஏன் அவ்வளவு வேகமா என்னைத் தாண்டிப் போற? எங்கயோ தீப்பிடிச்ச மாதிரி.

— நீங்க வர்றதுக்குள்ள காபி போடணுமே மாமா.

— டீச்சர், இதுக்கா கால் வலின்னு சொன்னீங்க? என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? நான் உங்கள எத்தன பேர் முன்னாடி...

— நீ கம்முனு இரு தம்பி. அருணா, நேத்து நான் அவ்வளவு பேசினேன். உங்கப்பன் வளர்ப்பக் கூட இழுத்தேன். அப்பவாவது இத சொல்லியிருக்கலாம் இல்ல?

— சொன்னா உங்க அத்தன பேச்சும் நின்னிருக்கும். ஆனா அத்தைக்கு மயக்கம் தெரிஞ்சிருக்கும். அவங்க அழுவாங்க, அழுதா பக்கத்து வீட்டுக்குத் தெரியும். பரிவட்டம் கட்டினவங்க கரகத்து முன்னால ஊரு பூரா நடக்கணும். நடக்க முடியாதவருக்கு எதுக்குக் கட்டறதுன்னு தசரதன் மாமா கேப்பாரு. அந்தக் கேள்வி வர்றதுக்குப் பதிலா நான் திட்டு வாங்கினா போதும்னு இருந்துட்டேன்.

— உன் புருஷனுக்காவது தெரியுமா?

— தெரியாது. உங்க புள்ளதான, உடனே வந்து உங்கள உட்கார வெச்சிடுவாரு.

— அப்போ நீ ஒரு நாள் கூட மலையை எதிர்ச்சுத்து முழுசாச் சுத்தல.

— நான் எந்தப் பக்கமும் முழுசாச் சுத்தல மாமா. உங்க வரைக்கும்தான் வரேன்.

— ஐயா, இப்பவாவது உட்காருங்க. உங்களுக்கு வேர்க்குது.

— வேர்த்தா வேர்க்கட்டும். வெயில் காலத்துல வேர்க்காதா? எல்லாரும் ஆளாளுக்கு என் முகத்தப் பார்க்க ஆரம்பிச்சிட்டீங்க. அந்தத் துண்ட மாத்தியாச்சா, இல்லையா?

— மாத்திட்டேங்க. கியரெல்லாம் சுத்தமா விழுது.

— ஷூவுக்கும் புதுசு போடு. தேஞ்சு கெடக்குது. ரோட்டுல நின்னே தேஞ்சிருக்குது.

— மாமா, கூட்டத்துக்கு நேரமாச்சு. வண்டி இங்கயே இருக்கட்டும். ஒரு ஆட்டோ பிடிக்கறேன், ரெண்டு பேரும் போயிடலாம். நீங்க சொல்ல வேண்டியதச் சொல்லிடுங்க, நான் பின்னால நிக்கறேன்.

— என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். மாசி மாசம் நான் விழுந்தேன்னு சொல்லப் போறேன். கல்லு தடுக்கலன்னும் சொல்லப் போறேன்.

— வேணாங்க மாமா. பரிவட்டம் போயிடும்.

— போனா தசரதன் தலையில கட்டட்டும், அவன் தலையாவது கொஞ்சம் கனமாவட்டும். தம்பி, நீ அந்த பேனரக் கழட்ட வேணாம். கிழிஞ்சா மட்டும் மாத்து. அருணா, ஆட்டோ எனக்கு மட்டும் போதும். நீ அந்தத் தொப்பிய மாட்டிகினு, இந்தச் சைக்கிள்லயே முன்னால போ. கோயிலாண்ட ஊரு பூரா உட்கார்ந்திருக்கும். அத்தன பேருக்கும் எதிர்ல, நான் ஆட்டோவ விட்டு எறங்கி நடந்து வர்றப்போ, நீ சீட்ட விட்டு எறங்கக் கூடாது. உட்கார்ந்தே இருக்கணும்.