நாலும் ஏழும் இடம் மாறினால்

ராஜபாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து முன் சீட்டுக்காரர் நிலைகொள்ளாமல் செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த நம்பர் இருக்கவரைக்கும் மக பேச மாட்டா,” என்றார் மனைவியிடம். “பத்து இலக்கத்தையும் கூட்டிக் கூட்டிக் குறைச்சா கடைசியில எட்டு வருது. எட்டு ஆகாது.”

“அவ கோவிச்சுட்டுப் போனது உங்க வாயால. எட்டு என்ன செஞ்சுச்சு?”

“ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில புது நம்பர் சொல்லி வச்சிருக்கேன், போற வழியில இறங்கி வாங்கிருவோம். இதே நம்பர்தான், கடைசியில மட்டும் 47க்குப் பதிலா 74.”

“நாலும் ஏழும் இடம் மாறினா கூட்டுத்தொகை மாறுமாக்கும்? ஒம்பதால வகுத்துப் பாருங்க, ரெண்டுலயும் மீதி எட்டுதான்.”

அவர் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார். நானும் என் நம்பரை இடம் மாற்றிக் கூட்டிப் பார்த்தேன். மாறவே இல்லை.

“அப்போ வேற நம்பரே வாங்கிருவோம்.”

“வாங்குங்க. அவளுக்கு மனப்பாடமாத் தெரிஞ்சது இது ஒண்ணுதான். என்னைக்காவது மனசு மாறி அடிச்சா யாரு எடுப்பா?”

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

“சார்ஜ் கம்மியா இருக்கு,” என்றார். “சார்ஜர் கொண்டாந்தியாட்டி?”