பச்சை டேப் சுற்றிய அடாப்டர்

கன்வெர்டரில் எந்தக் கோளாறும் இல்லை. உங்கள் விசாரணை அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் 'தரமற்ற இணைப்புக் கருவி' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்தக் கன்வெர்டரை நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கம்ப்யூட்டர்களில் போட்டுச் சோதித்துவிட்டுத்தான் கொடுத்தேன். மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், என் வேலையைக் குறை சொல்லாதீர்கள்.

பாலங்கள் பிரிவில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போன வருடக் கடைசியில் எல்லோருக்கும் புது லேப்டாப் வந்தது. பக்கவாட்டில் முட்டை வடிவத்தில் இரண்டு சின்னத் துளைகள், அவ்வளவுதான். பழைய தட்டை யூஎஸ்பி ஒயர் எதுவும் அதில் நுழையாது, நடுவில் ஒரு கன்வெர்டர் மாட்ட வேண்டும். ஒரு வாரம் மொத்த அலுவலகமும் கையில் ஒயரோடு என் அறை வாசலில் நின்றது. எல்லாரும் படித்த பொறியாளர்கள். நுழையாததைத் திருப்பித் திருப்பிக் குத்திப் பார்ப்பார்கள். எது நுழைகிறதோ அதுதான் சரியானது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்தப் புத்தி ஆபத்தானது என்று எனக்குத் தெரியும். பெரிய ஹார்ட் டிஸ்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். அதன் அடாப்டர் பன்னிரண்டு வோல்ட். பழைய லேப்டாப் சார்ஜர் பத்தொன்பது வோல்ட். இரண்டுக்கும் உருண்டை முனை ஒரே அளவு. மாற்றிச் செருகினால் டிஸ்க் கருகிவிடும். அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. அதனால் நானே டேப் சுற்றி வைத்தேன். டிஸ்க் அடாப்டருக்குப் பச்சை, லேப்டாப் சார்ஜருக்குச் சிவப்பு. நாளடைவில் எல்லோரும் டேப்பை மட்டும் பார்க்கப் பழகிவிட்டார்கள். அதற்காக ஒருவரும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

விரிசல் மேடம் என்று நாங்கள் கூப்பிட்ட பொறியாளர், ரயில் தண்டவாளத்துக்கு மேலே போகும் நடைபாலத்தைக் கவனித்து வந்தார். மாதம் தவறாமல் அதே இடங்களில் அளவுகோலை வைத்துப் படம் எடுப்பார். மூன்று வருடப் படங்கள். தனியாக ஒரு படத்தைப் பார்த்தால் அது வெறும் கோடு. வரிசையாகப் பார்த்தால்தான் விரிசல் வளர்வது தெரியும். எல்லாம் ஒரே ஒரு பழைய டிஸ்கில் இருந்தன.

புது லேப்டாப் வந்த வாரம், கூட்டத்தில் அவருடைய டிஸ்க் ஒயர் நுழையவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். கன்வெர்டரைத் தேடி எடுத்துவர நான்கு நிமிடம் ஆனது.

"ஒரு ஒயர எடுத்துக் குடுக்க இவ்வளவு நேரமா? அங்க தூங்கிட்டு இருந்தீங்களா?" என்றார் மேடம்.

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து நான் 'ஒயர் மாமா' ஆனேன். ஒரு நாள் என் மனைவி அலுவலகத்துக்கு வந்தபோது வாசலில் இருந்தவன், "ஒயர் மாமா வீட்டம்மாவா நீங்க?" என்று கேட்டான். அவள் வீட்டுக்கு வரும்வரை என்னோடு பேசவில்லை.

மேடம் அதை அன்றே மறந்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துச் சிரித்த முகத்தோடு டிஸ்கைக் கொண்டுவந்து நீட்டினார். "சார், இத ஒரு காப்பி எடுத்து சர்வர்ல போட்டு வைங்களேன். எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

எடுத்தேன். சர்வரில் அல்ல, என் சொந்தக் கம்ப்யூட்டரில். படங்களின் எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்தேன். மறுநாள் டிஸ்கைத் திருப்பிக் கொடுத்து, "சர்வர்ல இடமில்ல மேடம், அடுத்த மாசம் பாக்கலாம்" என்றேன்.

பாலத்தை மூடுவதா வேண்டாமா என்று தலைமைப் பொறியாளர் முடிவெடுக்க ஒரு நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் மேடம் வந்து கன்வெர்டர் கேட்டார். தன் அடாப்டரின் ஒயர் நைந்துவிட்டது, அதற்குப் பதில் வேறு ஒன்றும் வேண்டும் என்றார். கன்வெர்டரை உடனே கொடுத்தேன். அடாப்டரைச் சாயங்காலம் தருவதாகச் சொன்னேன். பிறகு ஒரு லேப்டாப் சார்ஜரை எடுத்து, சிவப்பு டேப்பை உரித்துவிட்டுப் பச்சை டேப்பைச் சுற்றினேன். சுருக்கம் விழாமல் சுற்றினேன்.

கூட்டத்தில் நான் கொடுத்த அடாப்டரை அவரே தன் கையால் செருகினார். 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. தலைமைப் பொறியாளர் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"பத்தொம்பது வோல்ட்டுன்னு போட்டிருக்கே. படிக்க மாட்டீங்களாம்மா?"

"பச்சை டேப் சுத்தியிருந்துச்சு சார்…"

"எழுத்தப் பாத்துட்டுதான் போடணும் மேடம்," என்று நான் பின்வரிசையிலிருந்து சொன்னேன். யாரோ சிரித்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

படம் இல்லாமல் பாலத்தை மூட முடியாது, மறுபடி அளந்து கொண்டுவாருங்கள் என்று தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டார். டிஸ்கைச் சரிசெய்பவர்கள் ஒரு மாதம் கேட்டார்கள். நான் காத்திருந்தேன். மேடம் என் அறைக்கு வந்து, உட்கார்ந்து, அன்று பேசியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னால் போதும், படங்களைத் திறந்து காட்டிவிடுவேன். நாலாம் நாள் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"ஏதாவது வழி இருக்கா சார்?"

"பாக்கலாம். உக்காருங்க."

"உக்கார நேரமில்ல சார், பாலத்துக்குப் போகணும்."

போய்விட்டார். அதன் பிறகு தினமும் காலையில் அங்கேதான் இருந்தார். ஒரு பக்கம் அளந்துகொண்டும், இன்னொரு பக்கம் போகிறவர்களை வேறு வழியில் போகச் சொல்லிக்கொண்டும் இருந்தாராம். யாரும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

ஆறாம் நாள் பொழுது போகாமல் அந்தப் படங்களைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். முதல் படத்தில் தலைமுடி போலிருந்த கோட்டில் கடைசிப் படத்தில் விரல் நுழையும். பாலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே புரிந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், இனிமேல் சுற்றிக்கொண்டு கீழ்ச்சாலை வழியாகவே போ என்று சொன்னேன். நானும் அப்படியே போனேன்.

பதினோராம் நாள் காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குப் பாலத்தின் நடுப்பகுதி தண்டவாளத்தின் மேல் விழுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். உங்கள் பட்டியலில் ஐந்தாவதாக மேடம் பெயர் இருக்கிறது. அறிக்கையில் அவருடைய கவனக்குறைவு என்றும் ஒரு வரி வருகிறது. அதையும் நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை. நான் படங்களைப் பார்த்த பிறகு இருந்த அந்த ஐந்து நாளில் எந்த நிமிடம் வந்து கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். உதவி என்று வந்தவர்களை நான் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.