எலுமிச்சைக்குச் சிவப்பு வெளிச்சம்

எலுமிச்சைக் கன்றைச் சிவப்பு வெளிச்சத்தில் வைத்தால் கிடுகிடுவென்று உயரும். நீல வெளிச்சத்தில் வைத்தால் குட்டையாக, தண்டு தடித்து வளரும். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை ஐயா. முதலில் உயரம், பிறகு உடம்பு. எங்கள் நாற்றுப்பண்ணையில் சிவப்பு அறை, நீல அறை இரண்டையும் உண்டாக்கியவன் நான்தான்.

என் மனைவியின் தம்பி போன வருஷம் மேலாளராக வந்தான். மாமனார் பண்ணை, மகன் மேலாளர், மருமகன் வேலைக்காரன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் வெளிச்சம் என்றால் வெளிச்சம்தானே, அதில் கலர் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பவனிடம் என்னத்தைப் பேசுவது? நெடுநெடுவென்று நின்ற மாதுளைக் கன்றுகளை நீல அறைக்கு அனுப்பாமல் நேரே வெயிலுக்குத் தள்ளினான். மறுவாரமே அத்தனையும் துவண்டு கருகின.

"செடிதானே மாமா, மறுபடி போட்டுக்கலாம்" என்றான். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அடுத்தது எலுமிச்சை. திங்கட்கிழமை சிவப்பு விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்லா இடத்திலும் வெள்ளை மாட்டப் போவதாகச் சொன்னான். கன்றுகள் பாதி வளர்த்தியில் நின்றன. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவன் அக்காவும் சொல்லிப் பார்த்தாள். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சிவப்பு அறையில் ஒரு சங்கதி உண்டு. வெள்ளைத் தாளில் இருக்கும் சிவப்பு எழுத்து அங்கே கண்ணுக்குத் தெரியாது. தாளே சிவந்துவிடுவதால் எழுத்து அதற்குள் கரைந்துபோகும். அதனால்தான் மருந்துப் புட்டி எதையும் அங்கே கொண்டுபோகக் கூடாது என்று வேலையாட்களுக்கெல்லாம் நானே சொல்லி வைத்திருந்தேன். களைக்கொல்லிப் புட்டியின் வெள்ளை லேபிளில் மருந்தின் பெயர், 'விஷம்' என்ற எழுத்து எல்லாமே சிவப்பில்தான் அச்சடித்திருக்கும். கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்குக்கூட இது தெரியும். மேலாளருக்குத் தெரியாது.

சனிக்கிழமை விளக்குகளை அளவெடுக்க உள்ளே வந்தான். அதற்கு முன்பே நான் அந்தப் புட்டியையும் ஒரு டம்ளரையும் மேசைமேல் வைத்திருந்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். விளக்குச் சூட்டில் அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. புட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேபிளில் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் கலர்தான் எல்லாம் என்று தொண்டை கிழியக் கத்தினேனே, அதைக் காதுகொடுத்துக் கேட்டிருந்தால் புட்டியோடு வெளியே போய்ப் படித்திருப்பான். என்னைத் தூக்கில் போட்டாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

என் மனைவி என் முகத்தில் விழிப்பதில்லை. அவள் கோபம் நியாயம்தான். ஆனால் கன்றுகள் இப்போது நீல அறையில் இருக்கின்றன, நன்றாகத் தேறி வருகின்றன என்று கேள்விப்பட்டேன். அதில் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க என்ன இருக்கிறது?

குடிப்பதற்கு முன்னால், "தண்ணிதானே மாமா?" என்று கேட்டான். நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை ஐயா, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.