இருபத்தொன்பதாவது வளைவு

நாற்காலி போட்டதற்கு நன்றி ஐயா. எனக்கு முழங்கால் வலி, நின்றபடி நீளமாகப் பேச முடியாது.

சுத்திகரிப்பு ஆலையில் இருபத்திரண்டு வருடமாகக் குழாய்களைச் சோதிப்பதுதான் என் வேலை. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் அதற்குச் சாவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதிலும் பல ரகம் உண்டு. கச்சா எண்ணெயில் இருக்கும் அமிலம், சூடு ஏறினால் எஃகைத் தின்னும். மாலிப்டினம் கலந்த ரகம் தாக்குப்பிடிக்கும், கலக்காதது தேய்ந்துபோகும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் அரத்தால் லேசாகத் தேய்த்து ஒரு சொட்டு மருந்து விடுவோம். நிறம் மாறினால் நல்ல ரகம், பச்சைக் குறி போடுவோம்.

ஐந்து வருடம் முன்பு ஆலையை நிறுத்திப் பராமரிப்பு நடந்தது. பதினோரு நாள் நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. கடைசி நாள், புதிதாகப் போட்ட குழாயின் இருபத்தொன்பதாவது வளைவில் விட்ட சொட்டு நிறம் மாறவில்லை. அதை ஏற்கெனவே பற்றவைத்திருந்தார்கள். வெட்டி மாற்ற இன்னும் இரண்டு நாள் ஆகும். எனக்கு அலுத்துப்போயிருந்தது. மருந்து பழசாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பச்சைக் குறி போட்டுவிட்டேன்.

பிறகு வருடா வருடம் அதன் கனத்தை அளந்ததும் நான்தான். ஒன்பது மில்லிமீட்டர் ஏழானது, ஐந்தானது. பதிவேட்டில் பக்கத்து வளைவின் அளவையே எழுதினேன். உண்மையைச் சொல்ல ஒவ்வொரு வருடமும் ஒரு வருடம் தாமதமாகியிருந்தது. கடைசியாக அளந்தபோது இரண்டுகூட இல்லை.

இந்த நேரம் பார்த்து என் தங்கை கணவர் எங்கள் பிரிவுக்கு மாற்றலாகி வந்தார். தங்கமான மனிதர், ஆனால் எதையும் நோண்டாமல் இருக்க மாட்டார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"மச்சான், இதுவும் பக்கத்து வளைவும் அஞ்சு வருஷமா புள்ளி மாறாம ஒரே அளவு. எப்படி? ஒரு தடவை நானே அளந்து பாக்கட்டுமா?"

பாருங்கள் என்றேன். மறுநாள் காலை ஏணியடி வரை அவருடன் போனேன். குழாயில் எண்ணெய் கொதித்து ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால் வலிக்கிறது, நீங்களே ஏறிவிடுங்கள் என்றேன். அப்புறம் இதையும் சொன்னேன்.

"மேல பொருக்கு இருந்தா அளவு தப்பா காட்டும் மாப்பிள்ளை. பளபளன்னு வர்ற வரைக்கும் அரத்தால நல்லா தேச்சு விடுங்க."

அந்த வளைவில் தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆலையின் அபாயச் சங்கு ஊதியதும் எல்லோரும் நெருப்புப் பக்கம் ஓடினார்கள். நான் பதிவேட்டு அறைக்கு ஓடினேன், மூன்று மாடி. என் பையிலிருந்து நீங்கள் எடுத்தது அந்தப் பதிவேட்டைத்தான்.

நான் போக வேண்டிய வேலைக்கு அவர் ஏன் போனார் என்று தங்கை கேட்டாள். கால் வலி என்றேன். அழுதுகொண்டே என் முழங்காலுக்குத் தைலம் தடவிவிட்டாள்.

எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன் ஐயா. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே முழங்கால் வலி இருந்தது என்பதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.