அக்கா வீட்டு ஏழு மணி விளக்கு

கரண்டு போய்த் திரும்பி வந்த வீட்டில் முதலில் பல்பைத் தொடக்கூடாது, டுவான். எல்லாரும் செய்கிற தப்பு அது. ரவுட்டர் கண் விழிக்க மூன்று நிமிடம் ஆகும். பல்புக்கு இரண்டு விநாடி போதும். முந்திக்கொண்டு எழுந்த பல்பு வைஃபையைத் தேடும். கிடைக்காவிட்டால், விருந்து வீட்டுக்கு முதல் ஆளாய் வந்துவிட்ட மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்பாது. சுவர் சுவிட்சை ஐந்து தடவை போட்டுப் போட்டு அணைத்தால் கண் சிமிட்டும். சிமிட்டினால் சமாதானத்துக்குத் தயார் என்று அர்த்தம். கைப்பேசியில் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.

இதை நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும், ஐயா. நடந்தது புரிய வேண்டுமானால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் பெயர் சபாபதி. வயது அறுபத்தொன்று. போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்குப் பல்பு டாக்டர் என்று பட்டம். எந்த வீட்டு விளக்கு முரண்டு பிடித்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மனைவி என்னை விட்டுப் போன அன்று கரண்டெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கோளாறை மட்டும் இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சீதாலெட்சுமி அக்கா பக்கத்து வீடு. வரிசை வீடுகள்தானே, இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். எழுபத்துநான்கு வயது, தனியாள். ஒரே மகள் ஷாமினி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறாள். சாயங்காலம் அக்கா பின்வேலிக்கு மேலே ஒரு தட்டை நீட்டுவார். "இந்தாப்பா பல்பு, சாப்ட்டுட்டு தட்ட கழுவிக் குடு. போன வாரத்துத் தட்டு இன்னும் வரல. மியூசியத்துல வெச்சிருக்கியா?" என்பார். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிற ஒரே ஆள் அவர்தான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஷாமினி கேமரா வைக்கப் பார்த்தாள். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தாயும் மகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். சாமி மேடைக்கு மேலே ஒரு ஸ்மார்ட் பல்பு. தினமும் ஏழு மணிவாக்கில் சாமி விளக்கு ஏற்றும்போது, மேடைப் பக்கத்துப் பொத்தானை அமுக்கி அக்கா அதைப் போடுவார். பெர்த்தில் ஷாமினியின் செயலியில் 'எரிகிறது' என்று வரும். அம்மா நலம். பொத்தானை யார் அமுக்கியது, யார் கைப்பேசியில் தட்டியது என்றெல்லாம் அது சொல்லாது. எரிந்ததா, எத்தனை மணிக்கு, அவ்வளவுதான். கோளாறு வந்தால் பார்த்துக்கொள்ள என்னையும் அந்தச் செயலியில் 'குடும்ப உறுப்பினர்' என்று சேர்த்திருந்தாள். என்னைக் குடும்பம் என்று எழுதி வைத்திருந்த ஒரே இடம் அது.

ஏப்ரலில் கிள்ளானில் சாயங்கால மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். இடி, கரண்டு கட். திரும்பி வரும்போது பல்பு கோபித்துக்கொள்ளும். போதாததற்கு அக்கா, சும்மா எதற்கு எரிகிறது என்று சுவர் சுவிட்சையே அணைத்துவிடுவார். பெர்த்தில் 'தொடர்பு இல்லை' என்று வரும். ஷாமினி எனக்குப் போன் அடிப்பாள். ஒரு தடவை அக்கா ஷா ஆலமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்க, இவள் பயந்துபோய் விமானம் ஏறி வந்தே விட்டாள். வாசலில் பெட்டியோடு நின்று சொன்னாள்: "அங்கிள், இன்னொரு தடவ லைட் வரலன்னா அம்மாவ கூட்டிட்டுப் போயிருவேன். வீட்ட வித்துரலாம். சீரியஸா சொல்றேன்."

அவள் போனபின் அக்கா வேலியோரம் வந்தார். "பெர்த்துல போயி நான் என்ன செய்ய? கங்காருக்குத் தோசை சுடவா? நீ பெரிய டாக்டராச்சே, ஏதாச்சும் பண்ணு லா."

பண்ணினேன். அந்தப் பல்பை அக்கா வீட்டு வைஃபையிலிருந்து பிரித்து, சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் என் வைஃபையில் கட்டினேன். என் ரவுட்டருக்கு ஒரு பேட்டரிப் பெட்டி வாங்கி வைத்தேன். கரண்டு போனாலும் ரவுட்டர் தூங்காது. கரண்டு வந்ததும் பல்பு கண்ணைத் திறந்தால் எதிரே ரவுட்டர் நிற்கும். சுவர் சுவிட்சுக்கு மேல் டேப் ஒட்டினேன். அக்கா பொத்தானை மறந்தாலும் ஆபத்தில்லாமல், தினமும் ஏழு மணிக்கு விளக்குத் தானே எரியும்படி நேரம் வைத்தேன். மூன்றே நாளில் ஷாமினி கேட்டாள்: "அங்கிள், எங்கம்மா வாழ்க்கையில எதையும் டயத்துக்குச் செஞ்சதில்ல. இப்ப மட்டும் ஷார்ப்பா ஏழா?" தாயைத் தெரிந்த பெண். அதனால் நேரத்தை எடுத்துவிட்டு நானே கையால் தட்ட ஆரம்பித்தேன். ஒரு நாள் 6.52, ஒரு நாள் 7.04. சந்தேகம் அடங்கியது.

அக்காவிடம் மறைக்கவில்லை. "இனிமே நீங்க பொத்தான அமுக்க வேணாம்க்கா, என் வீட்டுலேருந்து நானே போட்டு விட்டுர்றேன்" என்றேன். சிரித்தார். "அப்ப சாமிக்கு லைட் போடுற புண்ணியம் ஒனக்கு, சோறு மட்டும் எனக்கா?" என்றார். அதாவது அந்த விளக்கு எரிந்தால் நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அந்த ஏழு வாரம் மாதிரி நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நாலு மணிக்குக் கரண்டு போனது. ஐந்தரைக்கு வந்தது. பல்பு தானாக இணைந்துகொண்டது. என் வேலையைப் பற்றி நானே சொல்லக்கூடாது, ஆனால் அதைவிடச் சுத்தமாக யாரும் செய்திருக்க முடியாது. கொஞ்சம் மட்டமான டாக்டராக இருந்திருந்தால் அன்றைக்கே 'தொடர்பு இல்லை' என்று வந்திருக்கும். ஷாமினி ஊரையே கூட்டியிருப்பாள்.

ஆறு மணிக்குச் சுவரில் சத்தம் கேட்டது. கீழே, தரையோடு ஒட்டி. மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. அன்று பின்வேலிக்குச் சாப்பாட்டுத் தட்டு வரவில்லை. ஆணி அடிக்கிறாரோ என்று நினைத்தேன் என உங்கள் போலீஸ்காரரிடம் முதலில் சொன்னது பொய். அக்கா விழுந்துவிட்டார் என்று அந்த முதல் மூன்று தட்டிலேயே எனக்குத் தெரியும்.

சாவி என்னிடம் இருந்தது. பல்பு வேலைக்காக அக்காவே கொடுத்தது. கையில் எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். கதவைத் திறந்தால் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, ஷாமினி, பெர்த், வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' பலகை. எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. சுளுக்காக இருந்தால் காலையில் எழுந்துவிடுவார். வீணாக எதற்கு ஒரு பிள்ளையைப் பயமுறுத்துவது? சாவியை மாட்டிவிட்டு 6.57க்கு விளக்கைப் போட்டேன். வானொலியையும் போட்டேன்.

அம்மா போனை எடுக்கவில்லையே என்று ஷாமினி கேட்டாள். கோவிலில் விசேஷ பூஜை, போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்றேன். விளக்கு எரிந்ததா என்று மட்டும் பார்த்துக்கொண்டாள்.

புதன் காலையில் அக்கா வீட்டு வாசலில் கிடந்த பேப்பரை எடுத்து வந்தேன். கிடந்தால் யாராவது கேட்பார்கள். அப்படியும் எதிர்வீட்டு இராஜம்மா கேட்டார்: "என்னண்ணே, அக்காவக் காணோம்? செடிக்குத் தண்ணிகூட ஊத்தல?" அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்தால் லேசில் விடாது. "ரவாங்குல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன். செடிக்கு நானே தண்ணீர் ஊற்றினேன்.

பகலில் தட்டுவது குறைந்தது. இரண்டு, அப்புறம் ஒன்று. நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். வானொலியைச் சின்னதாக வைத்திருந்தேன். பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

அப்போதும் அம்மா போனை எடுக்காததால், வியாழன் காலை ஷாமினி இராஜம்மாவுக்குப் போன் அடித்திருக்கிறாள். ரவாங் தங்கச்சி என்று கேட்டதும் அங்கே அலறியிருக்கிறாள். அந்தச் சித்தி செத்து நாலு வருடமாம். எனக்குத் தெரியாது. நீங்கள் கிரில்லை உடைத்துப் போனபோது சாவியை எடுத்துக்கொண்டு நானும் வாசலில்தான் நின்றேன். நீட்டச் சங்கடமாக இருந்தது.

இடுப்பெலும்பு முறிவு, தண்ணீர் இல்லாதது, புதன் இரவுவரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். சாமி மேடைக்கு நேர் கீழே, மல்லாந்து கிடந்தார் என்றும் சொன்னீர்கள். அப்படியானால் விளக்கு அவர் கண்ணுக்கு நேராக இருந்திருக்கும்.

ஆம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். புதன்கிழமை 7.03க்கு நான் விளக்கைப் போட்டதும் சுவரில் சத்தம் வந்தது. அன்று முழுக்க இல்லாத பலத்தோடு, வேகவேகமாய், ஐந்தாறு தட்டு. சபாபதி இருக்கிறான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கமாக ஒன்பது மணிக்கு அணைத்துவிடுவேன். அன்றைக்கு அணைக்கவில்லை. அக்காவை இருட்டில் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை, டுவான்.