கல்லு மேல வை

கதவைத் தாழ் போட்டாச்சா? சரி, நெருங்கி உக்காருங்க. மழைச் சத்தம் கேக்குதுல்ல... அன்னைக்கும் இதே மழைதான்.

நம்ம வெல்டர் இருக்கானே, அவனோட மாமனாருக்கு நடந்தது இது. ரயில்வேல ரோந்துக்காரர் அவர். ராத்திரி ஒரு மணி இருக்கும். கையில விளக்கோட தண்டவாளத்துல தனியா நடந்து போறார். இந்தப் பக்கம் மலை. அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம், கீழே ஆறு. ஆறு வளையுற பக்கமெல்லாம் லைனும் வளையும். பெரிய லைன். நாட்டோட பாதிச் சரக்கு அது வழியாத்தான் போகும். மழைக்காலத்துல மண்ணு எப்போ சரியும்னு சொல்ல முடியாது. அதனாலதான் விடிய விடிய ரோந்து.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. ஆளுக்கொரு பித்தளை வில்லை, மேல நம்பர் வெட்டியிருக்கும். மாமனாருக்கு ஏழு. எதிர்ப்பக்கத்துல இருந்து நடந்து வர்ற ஆளுக்கு எட்டு. நடுவுல ஒரு கல்லு. அங்க ரெண்டு பேரும் சந்திச்சு வில்லையை மாத்திக்கணும். கையோட கை. மாத்தும்போது "உன் பக்கம் எப்படி?"ன்னு கேக்கணும். "சரியா இருக்கு"ன்னு பதில் வரணும். அப்புறம்தான் திரும்பிப் போய் வண்டிக்குப் பச்சை விளக்கு காட்டணும்.

இவங்க ரெண்டு பேரும் கேக்கிறதில்ல. பேசுறதே இல்ல.

எட்டாம் நம்பர் யாருன்னு நினைக்கிறீங்க? மாமனாரோட சொந்தத் தங்கச்சி புருஷன்.

அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு ராத்திரி தங்கச்சிக்கு ஜுரம் முத்திப் போச்சு. மூச்சு வாங்குது. அங்க ரோடு கிடையாது, ரயில் மட்டும்தான். அவ புருஷன் கையில சிவப்பு விளக்கு இருக்கு. தூக்கிக் காட்டினா எந்த வண்டியும் நிக்கும். ஆனா காரணமில்லாம நிறுத்தினா வேலை போயிடும்னு பயந்தான். காலைல பாசஞ்சர் வரட்டும்னு உக்காந்துட்டான். பாசஞ்சர் வந்துச்சு. அவதான் இல்ல.

அன்னையில இருந்து மாமனார் அவன் முகத்துல முழிக்கல. வில்லையைக் கையில வாங்கினாத்தானே பேசணும்? கல்லு மேல வச்சிட்டுத் தள்ளிப் போய் நின்னுக்குவார். அவன் வந்து எடுத்துக்கிட்டு, தன்னோடதை வச்சிட்டுப் போனதும் இவர் எடுத்துக்குவார். மேலதிகாரிக்கு நம்பர் மாறியிருந்தா போதும்.

சரி... அந்த ராத்திரிக்கு வருவோம்.

கல்லு கிட்ட வர்றார். தவளைச் சத்தம் சட்டுனு நின்னு போச்சு. கீழே ஆறு மட்டும் பாறையை உருட்டுது... கடகட... கடகடன்னு. ஒரு வாசனை. புதுசா தோண்டின மண்ணு, அறுந்த வேர்... அந்தப் பச்சை வாடை. குப்புனு அடிக்குது.

கல்லுக்குப் பக்கத்துல ஆள் நிக்குது.

இவர் தலையைத் தூக்கல. விளக்கு வெளிச்சத்துல கால் மட்டும் தெரியுது. வெறுங்கால். முழங்கால் வரைக்கும் சேறு. அவன் விளக்கு அணைஞ்சு தொங்குது. விளக்கு இல்லாம ரோந்தா... மாட்டிக்கிட்டு சாகட்டும்னு இவருக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம்.

அந்தக் கை மெல்ல நீளுது. உள்ளங்கையில எட்டாம் நம்பர் வில்லை. ரெண்டு வருஷத்துல முதல் தடவையா கையிலயே குடுக்க வர்றான். தொண்டையில ஏதோ அடைச்ச மாதிரி ஒரு சத்தம்... பேச வர்றான்.

மாமனார் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"என் தங்கச்சிக்கு வண்டியை நிறுத்தாதவன் கூட எனக்கென்ன பேச்சு? கல்லு மேல வை."

கை அப்படியே நின்னுச்சு. கொஞ்ச நேரம்... அப்புறம் வில்லை கல்லு மேல டொக்குனு விழுந்துச்சு. இவர் அதை எடுத்தார். ஐஸ் மாதிரி ஜில்லுனு இருந்துச்சாம். தன்னோட ஏழாம் நம்பரை வச்சிட்டுத் திரும்பி நடந்துட்டார். பின்னாடி அந்தத் தொண்டைச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் வந்துச்சு.

லைன் ஓரத்துல இருக்கிற தன் ரோந்து ரூமுக்கு வந்தார். கூட்ஸ் வண்டி வந்துச்சு. பச்சை காட்டினார். டிரைவர் தெரிஞ்ச பையன். கையாட்டிட்டுப் போனான்.

அவ்வளவுதான். எட்டாம் நம்பர் பக்கத்து வளைவுல அரை மலை லைன் மேல கிடந்துச்சு. இன்ஜின் ஆத்துக்குள்ள. டிரைவர், அவன் கூட இருந்த ஆளு, ரெண்டு பேருமே போயிட்டாங்க.

மறுநாள் மண்ணைத் தோண்டினாங்க. அடியில அவன் இருந்தான். தன்னோட ரூம் வாசல்லயே. முந்தின வண்டி போனதுமே சரிவு விழுந்திருக்கு. சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறக்கல. ரோந்துக்கே கிளம்பல அவன்... கல்லு வரைக்கும் நடக்கவே இல்ல.

வலது கை மூடியிருந்துச்சு. விரல் இடுக்குல பித்தளை மினுங்குது. மேஸ்திரி துடைச்சுப் பார்த்தான்.

ஏழு.

எவ்வளவு முயற்சி பண்ணியும் விரலைப் பிரிக்க முடியல. அப்படியே புதைச்சிட்டாங்க.

மாமனார் பச்சை காட்டினது தப்புன்னு யாரும் சொல்லல. வில்லைதான் மாறியிருக்கே! அதுதான் அந்த மனுஷனைத் தின்னுச்சு. செத்தவன் வந்து நின்னான்... பொண்டாட்டிக்கு நிறுத்தாத வண்டியை அன்னைக்காவது நிறுத்தணும்னு வந்தான். கேக்க ஆளில்ல. அந்த எட்டைத் தலகாணிக்கு அடியில வச்சிக்கிட்டேதான் கடைசி வரைக்கும் படுத்தார்.

போன கோடையில படுத்த படுக்கை ஆயிட்டார். நம்ம வெல்டர்தான் கட்டிலுக்குக் கீழே படுத்துத் துணைக்கு இருந்தான். ஒரு ராத்திரி முழிப்பு வந்து பார்த்தா... மாமனார் இருட்டுக்குள்ள கையை நீட்டிக்கிட்டு இருக்கார்.

"கையிலயே குடு மாப்ள... சொல்லு. உன் பக்கம் எப்படி?"

கூப்பிட்டது வெல்டரை இல்ல. வெல்டருக்கு எதுவும் கேக்கல. பச்சை வேர் வாடை மட்டும் அடிச்சுது. மாமனார் யாரோ பேசுறதைக் கேக்குற மாதிரி ரொம்ப நேரம் அசையாம இருந்தார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார்.

"இப்போ சொல்லி என்ன மாப்ள பிரயோஜனம்..."

அதுதான் கடைசிப் பேச்சு.

விடிஞ்சு குளிப்பாட்டும்போது தலகாணியைத் தூக்கினாங்க. எட்டு இல்ல. வீடு முழுக்கத் தேடியாச்சு. கை மூடியிருந்துச்சு, அதுல இருக்கும்னு வெல்டர் ஒவ்வொரு விரலா பிரிச்சான்.

கோடைக்காலம்ப்பா... ஒரு சொட்டு மழை இல்ல. உள்ளங்கை நிறைய ஈரச் சேறு. அதுக்கு நடுவுல வில்லை.

ஏழு.